குப்பி விளக்கை முன்னரே ஏற்றுவோம்

'நாளை' என்னுஞ் சொல் மனிதனுக்கு இனியது. நோயுற்றவனுக்கு அது நம்பிக்கை. கடன்பட்டவனுக்கு அது தவணை. பல்கலைக்கழக மாணவனுக்கோ அது புகலிடம். ஒப்படையை எழுதத் தொடங்குவதா? நாளை. விரிவுரையாளர் குறித்துத் தந்த நூலைத் தேடி வாசிப்பதா? நாளை. ஆய்வேட்டுக்குத் தலைப்புத் தெரிவதா? அடுத்த கிழமை. இவ்வாறு நாளைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சென்று, பரீட்சைக்கு முதல்நாள் இரவில் அடுக்கிய யாவும் ஒருங்கே தலைமேற் சரியக் காண்பது எம்மிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. இவ்வழக்கத்தின் வேர் யாது, அதனைக் களைதல் இயலுமா, இயலுமாயின் யாழ்ப்பாணத்து மாணவராகிய எமக்குக் கைக்கெட்டும் வழி யாது என்பவற்றைச் சிந்திப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குச் சோம்பல் என்று பெயரிட்டுத் தீர்ப்பு வழங்குவது எளிது. வீட்டிலே பெற்றோரும் விரிவுரை மண்டபத்திலே ஆசிரியரும், ஏன், மாணவர் தாமுங்கூட அவ்வாறே கூறுகின்றனர். ஆயின், நாள் கடத்தும் மாணவனை அருகிருந்து நோக்குபவர் அவன் சும்மா இருப்பதில்லை என்பதைக் காண்பர். ஒப்படை எழுதவேண்டிய மாலையில் அவன் அறையைக் கூட்டுகிறான். சைக்கிளைக் கழுவித் துடைத்து எண்ணெய் விடுகிறான். நண்பனின் தமக்கை திருமணத்துக்குப் பந்தல் போட ஓடுகிறான். எழுதவேண்டிய அந்த ஒன்றைத் தவிர ஏனைய அனைத்தையும் செய்து முடிக்கிறான். சோம்பேறிக்கு இத்துணைச் சுறுசுறுப்பு ஏது? திருவள்ளுவர், மடியின்மை என்னும் அதிகாரத்திலே, கெட்டழிவோர் விரும்பி ஏறும் மரக்கலங்களாக நான்கினை எண்ணுமிடத்து, 'நெடுநீர்' என்ற காலநீட்டிப்பை ஒன்றாகவும் 'மடி' என்ற சோம்பலை வேறொன்றாகவும் வைத்தார். இரண்டும் ஒன்றேயாயின் அவருக்கு இரண்டு பெயர் வேண்டியிருந்திராது. அவர் வேறுபடுத்திய இரண்டினையும் நாமே ஒன்றாகக் குழப்பி, மருந்தையும் மாற்றிக் கொடுத்து வருகின்றோம்.

அவ்வாறாயின் நாள் கடத்தலின் மூலம் யாது? 1984 ஆம் ஆண்டில் லோறா சொலமன், எஸ்தர் றொத்பிளம் என்னும் இரு உளவியலாளர் அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் 342 பேரிடம் இதனை வினவி ஆராய்ந்தனர். பருவ இறுதிக் கட்டுரை எழுதுவதைத் தாம் எப்போதும் அல்லது ஏறத்தாழ எப்போதும் பின்போடுவதாக ஒப்புக்கொண்டோர் நூற்றுக்கு 46 பேர். காரணங்களை வகைப்படுத்தியபோது இரண்டு முன்னின்றன: ஒன்று, வேலையின்மேலுள்ள வெறுப்பு, மற்றது, தோல்வி பற்றிய அச்சம். இவற்றுள் இரண்டாவதே நாம் ஊன்றி நோக்கற்பாலது. எழுதாத கட்டுரையை எவரும் குறைகூற முடியாது. அது மனத்தளவில் இருக்கும்வரை அது ஓர் ஒப்பற்ற கட்டுரை. தாளிலே முதல் வரி விழுந்த கணமே அது குறையுடைய பொருளாகிவிடுகிறது; அக்குறை தன்னுடையது என்றும் ஆகிவிடுகிறது. ஆகவே மாணவன் அஞ்சுவது வேலைக்கன்று. அவ்வேலை தன்னைப்பற்றிச் சொல்லப்போகும் சாட்சியத்துக்கே அவன் அஞ்சுகிறான்.

இவ்வச்சம் எங்கும் உள்ளதே. எனினும் எமது மண்ணில் அது வேரூன்றுதற்குத் தனிக் காரணமும் உண்டு. க.பொ.த. உயர்தர வகுப்பில் எமது நாட்கள் எவ்வாறு கழிந்தன என்பதை நண்பர்கள் நினைத்துப் பார்க்கலாம். விடியுமுன் ஒரு ரியூசன் வகுப்பு, பின்னர் பாடசாலை, பாடசாலை விட்டதும் மீண்டும் ரியூசன், இரவிலே கடந்தகால வினாத்தாள்கள். எந்த நேரத்தில் எதைப் படிப்பது என்பதை மணியும் மாஸ்ரரும் தீர்மானித்தனர். எவ்வினாவுக்கும் எழுதவேண்டிய விடை குறிப்பாகச் சொல்லித் தரப்பட்டது. இசட் புள்ளி என்ற ஒரேயோர் இலக்கம் மகிழ்ச்சியையும் துயரையும், அயலவர் எம்மை நோக்கும் நோக்கையும் அளந்து கொடுத்தது. அவ்வளவையும் தாண்டிப் பல்கலைக்கழகத்தின் வாயிலுள் நுழைந்ததும் மணியும் இல்லை, மாஸ்ரரும் இல்லை. 15 வாரங் கொண்ட ஓர் அரையாண்டு திறந்த வெளியாகக் கிடக்கின்றது. அதன் நடுவே, 'இவ்விடயம் பற்றி உமது கருத்து யாது?' என்று ஓர் ஒப்படை வினவுகிறது. பதின்மூன்றாண்டுப் படிப்பில் எவரும் கேளாத கேள்வி அது. மாதிரி விடை இல்லாத வினாவின் முன்னே, பிறர் கடிகாரத்தில் வாழ்ந்து பழகிய மாணவன் திகைத்து நிற்பதில் வியப்பென்ன? திகைப்புக்கு அவன் சூட்டும் பெயரே 'நாளை'. கைத்தொலைபேசியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவோர் உளர். அது ஒளிந்துகொள்ளும் இடமேயன்றி ஒளிதற்குரிய காரணம் அன்று. அதனைப் பறித்தால் அவன் வேறோர் இடத்திற் போய் ஒளிவான்.

பின்போடுவதால் என்ன கெட்டுவிட்டது, கடைசி இரவில் இரவிரவாகப் படித்தும் சித்தியடைகின்றோமே என்று கேட்போர் எம்முள் உண்டு. இக்கேள்விக்கும் விடை உண்டு. 1997 இல் டயான் டைஸ், றோய் பௌமைஸ்ரர் என்போர் மாணவரை ஓர் அரையாண்டு முழுவதும் தொடர்ந்து நோக்கினர். தொடக்க வாரங்களில் நாள் கடத்துவோரே ஏனையோரிலும் கவலை குன்றியும் உடல்நலத்துடனும் இருந்தனர். அரையாண்டின் இறுதியிலோ நிலைமை தலைகீழாயிற்று. அவர்களுடைய மன அழுத்தமும் நோயும் மற்றையோரை விஞ்சின, முழுக் காலத்தையும் கூட்டிப் பார்த்தபோதும் நட்டம் அவர்கள் பக்கமே இருந்தது, புள்ளிகளும் குறைந்தன. முதலில் துய்த்த நிம்மதி கடனாக வாங்கிய நிம்மதி என்பதும், அது வட்டியுடன் திருப்பிக் கேட்கப்படும் என்பதும் இதனாற் பெறப்படும்.

ஆயினும் புள்ளிக் கணக்கு மட்டுமே இதன் விலையாயின் நான் இக்கட்டுரையை எழுத முற்பட்டிரேன். என் நண்பர் ஒருவர் தமது ஆய்வேட்டுக்கு வடமராட்சிக் கிராமம் ஒன்றின் காத்தவராயன் கூத்து மரபைத் தெரிந்தெடுத்தார். அக்கூத்தைப் பழக்கிய முதிய அண்ணாவியார் ஒருவர் அங்கே இருந்தார். ஏட்டிலும் அச்சிலும் வாராத சில பாடல்களையும் அவற்றின் மெட்டுகளையும் அவ்வூரில் அவர் ஒருவரே அறிவார் என்றனர். 'எப்போதும் வாருங்கோ தம்பி' என்று அவர் அன்போடு கூறியும் இருந்தார். நண்பரோ தமது வினாக்கொத்து இன்னும் செம்மையாக வேண்டும் என்று கருதினார். அதனை எழுதினார்; திருத்தினார்; மீண்டும் எழுதினார். ஆவணி கழிந்தது, மழைக்காலம் வந்தது, மழை விட்டதும் போகலாம் என்றிருந்தார். மார்கழியில் அண்ணாவியார் காலமானார் என்ற செய்திதான் வந்தது. நண்பர் தலைப்பை மாற்றிக்கொண்டார். புதிய ஆய்வேட்டுக்கு நல்ல புள்ளியும் பெற்றார். பல்கலைக்கழகப் பதிவேட்டில் இவ்விழப்பு எங்கும் இல்லை. அப்பாடல்களும் இன்று எங்கும் இல்லை. அந்நண்பரைப் போன்ற உழைப்பாளியை நான் கண்டதில்லை. அவரைத் தடுத்தது சோம்பலன்று. குறையற்ற வினாக்கொத்தின்மேல் அவருக்கிருந்த ஆசையே.

கலைப்பீட மாணவராகிய எமக்கு இதில் ஒரு தனிப் பொறுப்பு உண்டு. வேதியியல் மாணவனுக்குரிய உப்பும் அமிலமும் அடுத்த ஆண்டும் அவ்வாறே இருக்கும். எமது மூலங்களோ மூச்சுவிடுபவை, செல்லரிப்பவை, எரியக்கூடியவை. 1981 ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் அழிந்தன. அது எவரது தாமதத்தாலும் விளைந்த அழிவன்று, கொடியவர் செயல். எனினும், 'என்றாவது ஒருநாள் சென்று பார்ப்போம்' என்று இந்த மண்ணிலே கூறுவது எத்துணைத் துணிகரமான வாக்கியம் என்பதை அவ்விரவு எமக்குக் கற்பித்திருத்தல் வேண்டும்.

இதனை நன்கு உணர்ந்திருந்த ஒருவர் எமது மண்ணிலேயே தோன்றினார். 1832 இல் சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள், பழந்தமிழ் ஏடுகள் அழிந்துகொண்டிருந்த காலத்திலே அவற்றைத் தேடித்தேடி அச்சேற்றினார். 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை நச்சினார்க்கினியர் உரையுடன் பதிப்பித்தார். 1887 இல் கலித்தொகையை வெளியிட்டார். ஏட்டை எடுக்கையில் அதன் ஓரம் உதிர்வதையும் கட்டவிழ்க்கையில் இதழ் முறிவதையும் தம் பதிப்புரையில் அவர் உருக்கத்தோடு எடுத்துரைத்துள்ளார். தமது பதிப்புகளிற் பிழைகள் இருத்தல் கூடும் என்பதை அவர் அறியாதவரல்லர். பிழையறத் திருத்தும் நாள்வரை காத்திருந்தால், திருத்துதற்கு ஏடே எஞ்சியிராது என்பதையும் அவர் அறிந்திருந்தார். எனவே குறையோடும் வெளியிட்டார். பின்வந்த அறிஞர்கள் அக்குறைகளைக் களைந்தனர். நூல் இருந்தமையாலன்றோ திருத்தமும் இயன்றது? முதற்படி எழுத அஞ்சும் மாணவனுக்கு இதனினும் ஏற்ற பாடம் பிறிதில்லை. குறையுள்ள ஒரு பக்கத்தைத் திருத்தலாம். எழுதாத பக்கத்தை எவராலும் திருத்த முடியாது.

இவ்விடத்து ஓர் ஐயம் எழலாம். ஆழ்ந்த கல்வி அவசரத்தில் விளையுமா? விளையாதுதான். சுவாமி விபுலாநந்தர் யாழ் நூலை ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் ஆராய்ந்து எழுதினார். 1947 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் திருக்கொள்ளம்பூதூரில் அது அரங்கேறிற்று; அடுத்த மாதத்தில் அவர் மறைந்தார். பதினான்காண்டு எடுத்துக்கொண்டதை நாள் கடத்தல் என எவரும் கூறார். அவ்வாண்டுகளில் வேலை மெல்ல நடந்தது, ஆனால் நடந்தது. ஆறுதலாகச் செய்தற்குரியதை ஆறுதலாகவே செய்க என்பது வள்ளுவருக்கும் உடன்பாடு. மெல்லச் செய்தல் வேறு, செய்யாதிருத்தல் வேறு. இரண்டையும் பிரித்தறிய ஒரே வினா போதும்: இன்று அவ்வேலை ஒரு விரற்கடையேனும் நகர்ந்ததா?

இனி, நகர்த்தும் வழியை நோக்குவோம். மனவுறுதி வேண்டும், கட்டுப்பாடு வேண்டும் என்று உபதேசிப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு. அச்சத்தில் உறைந்தவனிடம் உறுதி வேண்டுமெனல், நீரில் தத்தளிப்பவனிடம் நீச்சல் நன்றென்பதைப் போன்றது. எனது அம்மப்பா செம்மண் பூமியிலே தோட்டஞ் செய்தவர். அவரது இளமைக்காலத்துப் பங்குக் கிணற்றைப் பற்றி அவர் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஒரு கிணற்றுக்குப் பல பங்காளர். ஒவ்வொருவருக்கும் இறைப்பு முறை குறித்த நாளில் வரும். துலா மிதிக்க ஒருவர், பட்டை பிடிக்க ஒருவர், வாய்க்காலிலே தண்ணீர் மாற ஒருவர் என ஒருவரையொருவர் எதிர்பார்த்தே வேலை நடக்கும். விடியற் குளிரிலே எழும்ப எவருக்குத்தான் மனம் வரும்? 'எங்களுக்கு மனம் வாறதில்லை. ஆனால் மற்றவன் வந்து நிற்பான்' என்பார் அம்மப்பா. யாழ்ப்பாணத்துத் தோட்டங்கள் பச்சையாயிருந்தமைக்கு ஒவ்வொருவரது மனவுறுதியும் மட்டுமே காரணமன்று. தவணை குறித்திருந்தது, அத்தவணையில் இன்னொருவர் காத்திருந்தார்.

குறித்த இடமும் நேரமும் எத்துணை வலிமையுடையன என்பதை ஆய்வும் காட்டும். 1997 இல் வெளியான ஓர் ஆய்வில், பீற்றர் கொல்விற்சர் என்பாரும் அவருடைய சக ஆய்வாளரும் ஜேர்மன் மாணவரிடம் நத்தார் முன்னிரவை எவ்வாறு கழித்தனர் என்பதை இரு நாட்களுள் எழுதியனுப்புமாறு கேட்டனர். எங்கே, எப்போது எழுதுவோம் என்பதை முன்கூட்டியே குறித்தவர்களிற் பெரும்பான்மையோர் உரிய காலத்தில் எழுதி அனுப்பினர். அவ்வாறு குறிக்காதோரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே அனுப்பினர். 'இக்கிழமை படிப்பேன்' என்பது விருப்பம். 'புதன் இரண்டு மணிக்கு நூலகத்தின் மேல்மாடியிற் படிப்பேன்' என்பது தவணை.

தவணையும் துணையும் ஒருங்கே அமைந்த ஓர் ஏற்பாடு எம்மிடம் ஏற்கனவே உள்ளது. அதற்கு எவரும் சட்டம் இயற்றவில்லை. எவரும் பணம் ஒதுக்கவில்லை. சிங்கள மாணவரும் தமிழ் மாணவரும் ஒரே பெயரால் அழைக்கும் அவ்வேற்பாடு 'குப்பி' ஆகும். பாடத்தை விளங்கிக்கொண்ட ஒரு மாணவர், விளங்காத தம் தோழரைச் சுற்றி இருத்திப் பரீட்சைக்கு முன்னர் சொல்லிக் கொடுப்பதே குப்பி. குப்பி விளக்கின் வெளிச்சத்திற் கூடிப் படித்தமையால் அப்பெயர் வந்ததென்பர். யாழ்ப்பாணத்தில் அவ்விளக்குக்கு வேறொரு வரலாறும் உண்டு. 1990 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் மீண்டும் போர் மூண்டு, குடாநாட்டில் மின்சாரம் அற்றுப்போய், மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரிய பொருளானபோது, ஜாம் போத்தலின் அடியிலே பஞ்சை இட்டுச் சிறிது எண்ணெய் விட்டுச் சைக்கிள் வால்வுக்கட்டையினூடே திரியைச் செலுத்தி ஏற்றிய சிறு விளக்கிலே ஒரு தலைமுறை படித்தது. என் அம்மா உயர்தரம் படித்தது அவ்வொளியில்தான். அயல்வீட்டுப் பிள்ளைகள் மூவரோடு ஒரு விளக்கைச் சுற்றியிருந்து படித்ததாகக் கூறுவார். எண்ணெய் தீருமுன் ஆளுக்கொரு கணக்கு என்பது அவர்களது நியதி. பஞ்சத்தைப் புகழ்வது என் நோக்கமன்று. அத்துன்பம் எவருக்கும் மீண்டும் வரலாகாது. நான் காட்ட விரும்புவது, அவ்விளக்கைச் சுற்றியிருந்த நால்வரை.

இன்றைய குப்பிக்கு வருவோம். பரீட்சைக்கு முதல்நாள் நடக்கும் குப்பியிலே நிகழ்வதைக் கூர்ந்து நோக்குங்கள். விரிவுரையில் வாய் திறவாதவர் அங்கே வினவுகின்றார். 'எனக்கு இது விளங்கேல்லை' என்று வெட்கமின்றிச் சொல்லுகின்றார். பிழையான விடையைக் கூறிச் சிரிக்கின்றார்; திருத்திக்கொள்கின்றார். மூன்று மாதங்களாக எம்மைக் கட்டிவைத்த அச்சம், தோழர் நடுவே இருந்த மூன்று மணி நேரத்தில் அவிழ்ந்து விடுகின்றது. ஆற்றல் இல்லாதவரிடத்து இது நிகழுமா? ஆகவே, எம்மிடம் மருந்து உண்டு. அதனை நோயின் கடைசி இரவில் மட்டுமே உட்கொள்கின்றோம்.

சென்ற அரையாண்டிலே நாங்கள் ஐவர் இதனை மாற்றிச் செய்து பார்த்தோம். குப்பியை மூன்றாம் வாரத்திலேயே தொடங்கினோம். நாள், புதன்கிழமை, நேரம், பிற்பகல் இரண்டு மணி, இடம், ஒரு வேப்பமரத்தின்கீழ்ச் சீமெந்து இருக்கை. விதிகள் மூன்றே. ஒவ்வொருவரும் தம் ஒப்படையிலிருந்து ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வருதல் வேண்டும். அது எவ்வளவு மோசமாக இருப்பினும் சரியே. அதனை உரக்க வாசித்தல் வேண்டும். கேட்போர் பிழை திருத்தலாகாது. ஒரேயொரு கேள்வி மட்டும் கேட்கலாம். முதல் இரு கிழமைகளும் நெளிந்துகொண்டே வாசித்தோம். மூன்றாவது கிழமையிலே, மிகவும் மோசமான பக்கத்தை எழுதி வருபவர் தேநீர் வாங்கவேண்டியதில்லை என்ற வேடிக்கையான சலுகை தானாகவே பிறந்தது. நால்வர் உரிய நாளுக்கு முன்னரே ஒப்படையைக் கொடுத்தனர். ஒருவர் இடையில் விலகிக்கொண்டார். வீட்டுப் பொறுப்பும் பகுதிநேர வேலையும் அவரை இழுத்தன. அத்தகையோருக்கு எமது மரநிழல் போதாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. எல்லாத் தாமதமும் அச்சத்தால் விளைவதன்று. வறுமையால் விளைவதும் உண்டு. அதற்கான தீர்வு வேறிடத்திலே தேடப்பட வேண்டும்.

கொட்டகைக்குச் சென்ற அந்நண்பரையும் அடுத்த அரையாண்டில் எம்மோடு சேருமாறு அழைத்திருக்கின்றோம். அண்ணாவியாரிடம் ஆடப் பழகிய இருவர் அவ்வூரில் இன்னும் இருக்கின்றனராம். அவர்களுக்கும் வயது எழுபதைக் கடந்துவிட்டது. 'வினாக்கொத்து வேண்டாம், ஒலிப்பதிவுக் கருவியோடு போ, முதற்கேள்வியாக அவர்களது பெயரைக் கேள்' என்று வேப்பமர நிழலில் அவருக்குச் சொல்லப்பட்டது. அவர் நாளைக் குறித்துக்கொண்டார். உடன் செல்ல ஒருவரும் இசைந்துள்ளார்.

எமது தமிழ்ச் சங்கத்தினருக்கு ஒரு வேண்டுகோளுடன் இதனை நிறைவுசெய்ய விரும்புகின்றேன். ஆண்டுதோறும் விழா எடுக்கின்றோம், மலர் வெளியிடுகின்றோம். அவற்றோடு ஒவ்வோர் அரையாண்டின் மூன்றாம் வாரத்திலும் அறிவித்தற் பலகையில் ஒரு தாளை ஒட்டுவோமாக. அதிலே பாடத்தின் பெயர், கிழமை, மணி, மரத்தடி ஆகியன இருந்தாற் போதும். கீழே ஐந்து பெயர்கள் எழுத இடம் விடுவோம். முதலாம் ஆண்டு மாணவர் ஒருவர் அத்தாளின்முன் தயங்கி நிற்கக்கூடும். அருகே நிற்கும் மூத்த மாணவர் அவரது கையிலே பேனாவைக் கொடுப்பாராக.